தீனிக்கார மருமகன்

ஐம்பதுகளில் கல்முனைச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கச்சிமுகம்மது பெருந்தீனிக்காரர் என்று. மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற மனிதர். ஆளோ தும்புத்தடி போல ஒல்லி. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று மீன்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் பல்லைக் காட்டிவிட்டு நடப்பார். அந்தக் கேலிக்காரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தவரை மாமி தாங்கு தாங்கென்று தாங்குவா. கச்சிமுகம்மதின் மாமி சல்மா உம்மா இதில் பெரிய கெட்டிக்காரி. முட்டை, ஈரல், மீன் தலை எல்லாம் மருமகனின் பீங்கான் தட்டுக்குத்தான். மகள் றாஹிலாவுக்குச் சோறும், சட்டியில் மிஞ்சிய ஆணமும், அதாவது வெறும் குழம்பும். அவள் அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கஷ்டமாகும் என்று உம்மாவுக்குப் பயம். பாசத்தில்தான் மகளைப் பட்டினி போட்டா.

ஒருநாள் அரசாங்க மருத்துவிச்சி ஞானராணி வந்து றாஹிலாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"உடம்பில ரத்தமே இல்ல உம்மா. போன பேறில மயிரிழையில தப்பினவ. இப்பிடியே விட்டா இந்த முற தப்பமாட்டா. முட்டை, ஈரல், முருங்கை இலை எல்லாம் குடுங்க."

"ஓம் மிஸி" என்றா உம்மா. அன்றைக்கே ஈரலும் ஆக்கினா. அது வழக்கம்போல மருமகனின் பீங்கானுக்குப் போனது.

மருத்துவிச்சி சொன்னது வாசலில் நின்ற கச்சிமுகம்மதின் காதிலும் விழுந்திருந்தது. மாமியோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சாப்பாட்டை மறுத்தாலோ, மருமகன் கோபித்துக்கொண்டார் என்று ஊரே கூடிவிடும். மனிதர் யோசித்தார். இனி அறைக்குள்தான் சாப்பிடுவேன், றாஹிலாவே பரிமாறட்டும் என்று சொல்லியனுப்பினார்.

கதவைச் சாத்தியதும் பீங்கானை மனைவி பக்கம் தள்ளுவார்.

"தின்னு புள்ள."

"உம்மா கண்டா?"

"கண்டா என்னத்தான் ஏசுவா. நீ தின்னு."

அவர் சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்துகொள்வார். போதாமல் போனால் இன்னும் கொண்டுவா என்று உரத்துக் கேட்பார். மருமகனுக்கு என் கைச்சமையல் பிடித்துவிட்டது என்று சல்மா உம்மா சந்தையெல்லாம் பெருமை பேசினா. தீனிக்காரர் என்ற பெயர் வந்த கதை இதுதான்.

மாதங்கள் போயின. ஞானராணி மறுபடி இமையை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத் தின்னக் குடுத்திருக்கிறீங்க உம்மா."

சல்மா உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் மெல்லக் கதவைத் தள்ளினா. மகளின் வாயில் முட்டை. மருமகனின் கையில் வெறும் ஆணச் சோறு. கதவை மெல்லச் சாத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டா. மறுநாளிலிருந்து இரண்டு பீங்கான் வந்தது.

பெண்பிள்ளை பிறந்தது. றாஹிலாவுக்கு ஒரு குறையுமில்லை. பேறு முடிந்து நாற்பது நாள் கழிந்து வீடு முழுக்க விருந்து. அன்றைக்குக் கச்சிமுகம்மது அடுப்படி வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்று மாமியோடு முதன்முதலாகக் கதைத்தார்.

"மாமி, முட்டை ஒண்டு நீங்களும் தின்னுங்க."

"எனக்கென்னத்துக்கு மகன்? நான் இனிப் புள்ள பெறவா போறன்?"

"நீங்க பெத்த நேரம் ஆரும் தரல்லத்தானே."

சல்மா உம்மா அடுப்படியில் உட்கார்ந்து, தான் வளர்த்த கோழியின் முட்டையை முதன்முதலாக முழுசாகத் தின்றா.