என்ரை மனிசன்ரை முட்டையும் கூரையிலை இருந்த மரநாயும்

என்ரை மனிசன் பசியோடை போனவர். இதைச் சொன்னால் மகளுக்குக் கோவம் வரும். ஆனால் அதுதான் உண்மை. தொண்டையிலை வந்த வருத்தம். கடைசி மாதம் முழுக்க ஆசுப்பத்திரியிலை மூக்காலை குழாய் விட்டுத்தான் சாப்பாடு. நான் போய்ப் பக்கத்திலை இருந்தால் வயித்தைத் தொட்டுக் காட்டுவார். குழாயாலை போறதெல்லாம் ஒரு சாப்பாடோ? வாயாலை ஒண்டும் குடுக்கக்கூடாதெண்டு தாதிப்பிள்ளை கண்டிப்பாச் சொல்லிப்போட்டா. அவர் போனாப் பிறகு எனக்கு ஒரே ஒரு யோசினைதான்: அந்த மனிசன்ரை பசி ஆறிச்சுதோ, இல்லையோ?

அந்தியேட்டி முடிஞ்ச கையோடை காகத்துக்குச் சோறு வைக்கத் தொடங்கினன். பாரிசுக்கு வெளியிலை, லெ பிளாங்-மெனிலிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒரு துண்டுத் தோட்டம் இருக்கு. நான் பாரிசிலை எங்கடை சனத்தின்ரை கடையள் இருக்கிற லாச்சப்பலிலை மரக்கறிக்கடையிலை வேலை. அங்கையிருந்து வாழையிலை கொண்டுவந்து, சனிக்கிழமை விரதச் சோறும் பருப்பும் போட்டு, மதிலிலை வைச்சிட்டு ரயிலுக்கு ஓடுவன். வேலையாலை வந்து பார்த்தால் சோறு காய்ஞ்சு போய் அப்பிடியே கிடக்கும். இஞ்சத்தைக் காகங்களுக்கு எங்கடை சோறு என்னத்துக்கு? ரோட்டிலை சிந்தின உருளைக்கிழங்குப் பொரியலைப் பொறுக்கித் தின்னிற சாதி. எண்டாலும் எனக்கு மனம் கேக்கேல்லை. ஒவ்வொரு சனியும் அந்த இலையைக் குப்பையிலை போடேக்கை நெஞ்சு அடைக்கும்.

பேந்துதான் ஒரு யோசினை வந்தது. உயிரோடை இருக்கேக்கையே விரதச் சோத்தைக் கண்டால் முகத்தைச் சுழிக்கிற மனிசன், இப்ப மட்டும் வந்து பருப்பும் சோறும் சாப்பிடுவாரோ? அவருக்கு முட்டை வேணும். சனிக்கிழமையிலை முட்டையோ எண்டு ஆரும் வாயிலை அடிப்பினம் எண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினன். சோறு, மீன்குழம்பு, நடுவிலை ஒரு அவிச்ச முட்டை. வேலையாலை வந்து பார்க்கிறன், முட்டையைக் காணேல்லை! மீனும் இல்லை, சோத்திலை பாதியும் இல்லை. குசினியிலை இருந்து கத்தின கத்திலை மகள் என்னவோ ஏதோவெண்டு ஓடிவந்தாள். "அப்பா சாப்பிட்டிட்டார்" எண்டன். அவள் என்னைப் பார்த்த பார்வை! பிரான்சிலை பிறந்த பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? "புறா சாப்பிட்டிருக்கும்" எண்டு பிரெஞ்சிலை சொல்லிப்போட்டுப் போனாள். புறா மீன் தின்னுமோ எண்டு நான் பின்னாலை நிண்டு கேட்டன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இலை வெறுமையாத்தான் இருந்தது. எனக்கெண்டு உலை வைக்க மனமில்லாமல் பாணைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்ச நான், ஞாயிறு வருதெண்டால் நல்ல மீனாத் தேடி வாங்குவன். கடையிலை எல்லாருக்கும் வாயாறச் சொன்னன். முதலாளியின்ரை மனிசி கூட, "அக்கா, உங்களிலை இப்பத்தான் உயிர் வந்திருக்கு" எண்டா.

பங்குனி போலை, மேலை மகளின்ரை அறைக்கு மேலாலை சத்தம் தொடங்கிச்சுது. தடபுடா, தடபுடா எண்டு ஓட்டம். முகட்டிலை மஞ்சள் கறை, அதோடை ஒரு மூத்திர நாத்தம். வாசலிலை நிண்ட காரின்ரை வயரையும் ஏதோ கடிச்சுப்போட்டுது. ஒரு ஞாயிறு பொழுதுபடேக்கை மகள் குசினி யன்னலடியிலை நிண்டு, "அம்மா, வாங்கோ, சத்தம் போடாமல் வாங்கோ" எண்டாள். போய்ப் பார்த்தன்.

மதிலிலை பூனையளவிலை ஒண்டு. மண்ணிற உடம்பு, கழுத்திலை வெள்ளை, பொசுபொசுவெண்ட வால். எங்கடை மரநாயின்ரை ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரி. என்ரை மனிசன்ரை முட்டையை வாயிலை கவ்விக்கொண்டு, ஒரு சொட்டுப் பயமில்லாமல், தண்ணிப்பீலியாலை ஏறிக் கூரைக்குள்ளை போட்டுது.

எனக்கு வந்த கொதி! நாசமாய்ப் போன சனியன்! இவ்வளவு நாளும் நான் மரநாய்க்கோ மீன்குழம்பு வைச்சனான்? கதிரையிலை இருந்து ஒப்பாரி வைக்காத குறையா அழுதன். அப்ப அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடேல்லை. மகள் முதுகைத் தடவினாள். அடுத்த நாள் கடையிலை விசயம் தெரிஞ்சு, "அக்கா, அண்ணைக்கு வாலும் முளைச்சிட்டுதோ?" எண்டு பகிடி வேறை.

மகள் கூரைக்குள்ளை பூந்த மிருகங்களைக் கலைக்கிற வேலை செய்யிற ஒராளைக் கூப்பிட்டாள். ஏணி வைச்சு ஏறிப் பார்த்திட்டு இறங்கி வந்து சொன்னார்: "இந்த மிருகத்துக்குப் பேர் ஃபுயின், மடாம். கூரைக்குள்ளை குளிருக்கு விரிச்ச கண்ணாடிப் பஞ்சுக்குள்ளை குட்டி போட்டிருக்கு. இப்ப அது பூந்த ஓட்டையை அடைச்சால் குட்டியள் உள்ளுக்கை செத்துப்போம். கோடை முடிய வாறன். அதுவரைக்கும் வெளியிலை சாப்பாடு வைக்காதேங்கோ."

ஓம் எண்டு தலையாட்டினன். ஆனால் அடுத்த ஞாயிறு கை தன்ரை பாட்டிலை முட்டையை அவிச்சுப்போட்டுது. பால் குடுக்கிற தாயெல்லோ? பிள்ளைப்பெத்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பாமல் இருக்கிற ஆக்களோ நாங்கள்? அவர் இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பார், ஏன் ஒரு முட்டையோடை விட்டனியெண்டு. மகள் கண்டாள். ஏசப்போறாள் எண்டு பார்த்தால், போய் இரண்டாவது முட்டையைக் கொண்டுவந்து இலையிலை வைச்சாள். கோடை முழுக்க அப்பிடித்தான். பொழுதுபடேக்கை அம்மாவும் மகளும் யன்னலடியிலை தேத்தண்ணியோடை நிண்டு, குட்டியள் மதிலிலை விழுந்தெழும்பி விளையாடுறதைப் பார்ப்பம். அவர் போனாப் பிறகு நாங்கள் இரண்டுபேரும் ஒண்டாய் நிண்டு சிரிச்சது அந்த யன்னலடியிலைதான்.

கோடை முடிய அதுகள் வெளிக்கிட்டுப் போட்டுதுகள். அந்த ஆளும் சொன்னபடி வந்து ஓட்டையைக் கம்பிவலை போட்டு அடைச்சார். பிறகு வந்த ஞாயிறு பழக்கதோசத்திலை சோறும் முட்டையும் வைச்சன். திங்கள் காலமை போய்ப் பார்த்தன். ஒரு பருக்கை குறையேல்லை. முட்டை வைச்ச இடத்திலை வைச்சபடி.

நெஞ்சு அடைக்கும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். அடைக்கேல்லை. வயிறு நிறைஞ்ச மனிசர் எல்லோ சாப்பாட்டை மிச்சம் விடுவினம்?

மரநாய்க்கு ஒரு பெரிய கும்பிடு போட்டன். உள்ளுக்கை வந்து எனக்கும் மகளுக்கும் ரெண்டு முட்டை பொரிச்சன். மூக்குமுட்டச் சாப்பிட்டன்.