மைனஸ் இன்ட்டு மைனஸ்: தேவராஜ் வாங்கிய அறை

தேவராஜை லாரி அடித்துவிட்டது. நேற்று காலை, முசரவாக்கம் ரோட்டில். ஸ்பாட்டிலேயே போய்விட்டான்.

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தானாம். இவனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது... லாரி அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

என் பட்டுத்தறிக்கு டிசைன் அட்டை, அதாவது சேலையில் உருவம் விழவைக்கிற துளை போட்ட அட்டை, வெட்டித் தருகிறவன். அதற்கு முன்னால் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்ச்.

அந்தக் காது போன கதையை இன்று சொல்லியே ஆக வேண்டும்.

கணக்கு சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ். "ஏன் சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தேவராஜ்தான் என்று நினைத்து, விட்டார் ஒரு அறை. கீழே விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி இன்னொன்று. காதிலிருந்து ரத்தம்...

கேட்டது நான். பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு முந்தானை ஆர்டர். அன்னம் வலப்பக்கம் பார்க்க வேண்டும். பாதி நெய்திருப்பேன், தலைதெறிக்க ஓடி வந்தான். "நிறுத்துடா! இடப்பக்கம் பாக்கற மாரி வெட்டிட்டேன்!"

தறியைப் பார்த்தான். அன்னம் சரியாக வலப்பக்கம்தான் பார்த்தது. "அட லூசு... அட்டையவே திருப்பி மாட்டிக்கினு நெய்றியேடா!"

நாலு பேர் முன்னால் லூசு என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நூல் ஓட்டுகிற நாடா கையில் இருந்தது, கூர்முனைக் கட்டை... வீசிவிட்டேன். புருவம் கிழிந்தது. "செவிட்டுப் பொணமே!" என்று வேறு கத்தினேன். அந்த வார்த்தையை, நான்!

ரத்தத்தைச் சட்டையால் அழுத்திக்கொண்டு சிரிக்கிறான் பாவி. "மைனஸ்னா திருப்பறதுதான்டா. நான் ஒரு வாட்டி திருப்பினேன், நீ ஒரு வாட்டி திருப்பின. நேரா வந்துக்குது பாரு. அன்னிக்குக் கேட்டியே, இதான்."

எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு ஸாரி சொல்லவில்லை. இன்றுவரை...

இன்று சுடுகாட்டுக்கு அந்தக் கணக்கு சார் மாலையோடு வந்தார். பாய்ந்து சட்டையைப் பிடித்துவிட்டேன். "மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன்யா பிளஸ்? இப்ப சொல்லு!" நாலு பேர் என்னைப் பிடித்து இழுக்கிறார்கள், நான் விடவில்லை.

கிழவர் சொன்னார். "எனக்கே தெரியாதுபா... அதான் அடிச்சேன்."

கை தானாக விட்டுவிட்டது.

தேவராஜ்... கேட்டது நான்தான் என்று இங்கே எழுதி ஊருக்கே சொல்லிவிட்டேன்டா. போய் வா.