தானாக வளைந்த வீல்கள்

கார் வீலில் பெண்ட் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இது எப்படி வளைந்தது என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலுக்குச் சிரிக்காமல் நிற்பதுதான் வித்தை. மிக்சி, செல்போன் ரிப்பேர் பார்க்கிற சகோதரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். உங்களிடம் தானாக நின்றுபோய் வருவதெல்லாம் என்னிடம் தானாக வளைந்து வருகிறது.

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் எங்கள் கடை. நானும் சலீம் பாயும் கூட்டு. வீலை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, ஆடுகிற இடத்தை ஜாக்கி கொடுத்து அழுத்தி, வட்டத்துக்குக் கொண்டுவருவோம். எதில் இடித்தது என்று தெரிந்தால் விரிசல் தேடுவது சுலபம். அதனால்தான் கேட்கிறோம். ஆனால் குழியில் விட்டது நான்தான் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. என்றாவது ஒருவர் சொல்வார் என்றேன் நான். சொல்லவே மாட்டார்கள் என்றார் பாய். தோற்றவர் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். எனக்கு மனிதர்கள்மேல் அபார நம்பிக்கை. பிரியாணிமேலும்தான்.

எல்லைத் தகராறு

பெங்களூர்க்காரர்களைக் கேட்டால் குழி தமிழ்நாட்டில் இருந்தது என்பார்கள். நம்மவர்களைக் கேட்டால் அது கர்நாடகாவில். இரண்டையும் நம்பினால் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியில் ஒரே குழி அப்படியும் இப்படியுமாக நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ரிம்மில் கை நுழைகிற அளவுக்குப் பள்ளம். கொஞ்சம் வேகமாக வந்தீர்களோ என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்:

“பார்டர் வர்ற வரைக்கும் வீல் ரவுண்டாவே இருந்துச்சு சார். உங்க ஸ்டேட் தொட்டதும்தான் ஹிங்காய்த்து, இப்படி ஆயிடுச்சு.”

எலுமிச்சம்பழத்தின் குற்றம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர் புதுக்காரில் வந்தார். மாலை இன்னும் வாடவில்லை, அதற்குள் முன்பக்க வீல் கோணல். கோயிலில் பூஜை போட்டு, நான்கு எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி நசுக்கித்தான் வண்டியை எடுத்தாராம். அப்புறம் எப்படி இப்படி ஆனது என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். மனைவி காருக்குள்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பழம் வாங்குனது மாமியாருங்க. நாலுல ஒண்ணு காய். அதை இந்த வீலுக்குத்தான் வெச்சாங்க.”

ஜவளகிரி யானை

இவர் விவசாயி, ஜீப்பில் வந்தவர். வீலை யானை மிதித்துவிட்டது என்றார். ஜவளகிரிப் பக்கம் யானை ராகிக் கொல்லையில் இறங்குவது ஊரறிந்த விஷயம், அதனால் எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. ஆனால் ஜீப்பில் வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை. சலீம் பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவ்வளவு பெரிய மிருகம் ரிம் ஓரத்தை மட்டும் எப்படிப் பார்த்து மிதித்தது என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். விவசாயி அசரவில்லை.

“பெருசு சும்மாதாங்க நின்னுட்டிருந்துச்சு. மிதிச்சது குட்டி.”

வந்தார் ஒரு சத்தியவான்

ஓசூரில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். பழக்கதோஷத்தில் கேட்டுவைத்தேன், எதிர்பார்ப்பே இல்லாமல். போன் பேசிக்கொண்டே வந்ததாகவும், குழியைப் பார்த்தும் பிரேக் போடவில்லை என்றும், தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்றும் சொன்னார்.

எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பாய் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சத்தியவானுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், டீ வரவழைத்தேன், காத்திருந்த மற்ற வீல்களை ஓரங்கட்டிவிட்டு அவருடையதை முதலில் முடித்தேன். கிளம்பும்போது கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் என் கையை விடவில்லை. கிட்டே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஒரு சின்ன உதவிங்ண்ணா. வீட்ல இருந்து போன் பண்ணுவாங்க. பஞ்சர் போட வந்தேன், நீங்க கழட்டும்போது கீழ போட்டு வளைச்சிட்டீங்கன்னு சொல்லிடுங்க.”

பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று கடைசிவரை முடிவாகாததால் பிரியாணிக்கு ஆளுக்குப் பாதி போட்டோம். அந்த அம்மா போனில் கொடுத்த வசவை மட்டும் நான் ஒருவனே முழுசாக வாங்கிக்கொண்டேன்.