டெக்சாஸ் நேரம்

2006 வாக்கில், கலிஃபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து மில்பிடாஸ் ஆபீசுக்கு என் காரில் தினமும் ஒரு பெண்மணி வருவார். ஒட்ட வெட்டிய, நரை ஓடிய முடி. மடியில் கனத்த லேப்டாப் பை. கையில் எப்போதும் இரண்டு மணி நேரம் முந்தி ஓடும் வாட்ச். மணி கேட்டால் இரண்டைக் கழித்துத்தான் சொல்வார்.

ஏன் திருத்தவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"இது டெக்சாஸ் டைம். அங்க இருந்தப்போ ஒரு ஆன்லைன் காலேஜ்ல மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். இங்க மூவ் பண்ணினதை அவங்ககிட்ட சொல்லல. அங்க ஹூஸ்டன்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு அட்ரஸ்தான் இன்னும் அவங்ககிட்ட இருக்கு. அவங்க கணக்குல நான் இன்னும் டெக்சாஸ்லதான்."

"ஆன்லைன்தானே? எங்க உக்காந்து படிச்சா என்ன?"

"நாம உக்கார்ற ஸ்டேட்ல காலேஜுக்கு பர்மிஷன் இருக்கணுமாம். கலிஃபோர்னியால அவங்களுக்கு இல்ல." மடியிலிருந்த பையை நகர்த்திக்கொண்டார். "நாளைக்கு ஏதாவது ஏமாத்திட்டாங்கன்னா கம்ப்ளெயின்ட் பண்ணக்கூட எனக்கு ஒரு ஸ்டேட் இல்லங்க. டெக்சாஸ்ல நான் இல்ல. இங்க அந்தக் காலேஜ் இல்ல."

சில வாரம் கழித்து ஒரு காலை, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். அவர் மணிக்கட்டை எட்டிப் பார்த்து, பழக்கத்தில் இரண்டைக் கழித்து, "ஆறரைதானா?" என்றேன்.

"கழிக்காதீங்க. வாட்சைத் திருத்திட்டேன். நேத்து காலேஜ்ல உண்மையைச் சொல்லிட்டேன். அட்மிஷனை கேன்சல் பண்ணிட்டாங்க."

கண் கலங்குவார் என்று நினைத்தேன். அவரோ ஜன்னலை இறக்கி, வெயிலில் கையை நீட்டினார்.

"இன்னிக்குத்தான் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்திருக்கேன்."

அந்தக் குரலில் ஏன் அவ்வளவு நிம்மதி என்று இன்றும் யோசிக்கிறேன்.