பகலில் தூங்கும் வீட்டில் ஒரு கிட்டார்

எங்கள் வீட்டில் பகலில் யாரும் வாய்விட்டுத் தும்மக்கூட முடியாது. என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் இரவு வேலை. விடிந்ததும் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தாரென்றால் சாயங்காலம் வரை வீட்டில் இருப்பவர்கள் பூனை மாதிரி நடக்க வேண்டும். குக்கர் விசில் கூடாது என்பதால் திறந்த பாத்திரத்தில்தான் சமையல். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய். வாசல் மணியின் ஒயரை என்றைக்கோ பிடுங்கிவிட்டோம். நானும் ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்கும்படி பேசியவள்தான். இப்போது அம்மா போன் செய்தால், "என்னடி, உடம்பு சரியில்லையா? குரலே வரலையே" என்கிறாள்.

இப்பேர்ப்பட்ட வீட்டில்தான் என் நாத்தனார் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாள். அதுவும் மெட்டல் என்கிற அந்த இரைச்சல் பாட்டு வாசிக்க. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் நாற்பதைத் தாண்டியவள். எங்களோடுதான் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். கேட்டுக் கேட்டு ஊர் வாயே ஓய்ந்துவிட்டது. எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். நான் கழுவி வைத்த டம்ளருக்கும் அதே மரியாதைதான். அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலேஜில் படிக்கும்போது நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்களாம், என் வீட்டுக்காரர் சொன்னது. இவள் கையில் ஒரு இரவல் கிட்டார். டிரம்ஸ் அடித்தவளை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான்கு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரே ஒரு பாட்டுப் போட்டார்கள். அதற்கு முடிவு அமையவில்லை. எப்படி முடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே படிப்பு முடிந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் கல்யாணமாகித் தொடர்பே விட்டுப் போனார்கள். இடி வெளிநாட்டுக்குப் போனாள். கிட்டார் அதன் சொந்தக்காரரிடம் போனது. என் நாத்தனார் லென்ஸ் தேய்க்கப் போனாள்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவள் விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இடது கை விளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும், வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். "யாருக்குத் தாளம் போடுற?" என்று ஒருமுறை கேட்டேன். "யாருக்கும் இல்ல அண்ணி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். யாருக்கென்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒருநாள் கடைக்கு இடியின் அம்மா வந்திருக்கிறார். கண்ணில் புரை. "ஆபரேஷனுக்கு மக வரேன்னு சொல்லியிருக்கா, லீவு எழுதிக் குடுத்துட்டாளாம்" என்றாராம். அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள். "அண்ணி, இடி வரா." இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

இடி அங்கிருந்தே இங்கே ஒரு ஒத்திகை அறையை ஒரு மதியத்துக்குப் பிடித்துவிட்டாள். அந்தப் பாட்டை இன்னொரு தடவை சேர்ந்து வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கிட்டார் அதற்குத்தான்.

வந்து இறங்கியது விலை குறைந்த ரகம். கறுப்பு. "இது போதுமா?" என்று கேட்டேன். "ஒழுங்கா செட் பண்ணினா போதும்" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய வாரவிடுமுறை முழுக்க அதற்கே போனது. ஃப்ரெட் என்று குறுக்கே பதித்த கம்பித் துண்டுகளின் ஓரமெல்லாம் விரலைக் கீறியது. கடையிலிருந்து நைசான உப்புத்தாள் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மழுக்கினாள். அவர்கள் பாட்டுக்குச் சுருதியை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டுமாம். கூடவே வந்த மெல்லிய கம்பிகள் அதில் துவண்டு போய்த் துணிக்கொடியாகத் தொங்கும் என்று அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பிகளைப் போட்டாள். தடித்த கம்பி, கிட்டாரின் மேல்முனையில் கம்பிக்கென்று வெட்டியிருந்த காடியில் உட்காரவில்லை. காடியைப் பொறுமையாக அகலப்படுத்தினாள். கிட்டாரின் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைச் சாவி போட்டுத் துளித்துளியாகத் திருப்பி வளைவை எடுத்தாள். கடைசியாகக் கம்பிகளின் உயரம். கீழே கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் குட்டித் திருகு இருக்கிறது. அதை இறக்க இறக்க விரலுக்குச் சுலபம். இறக்கி, வாசித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, மறுபடி இறக்கி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம்தான் விட்டாள்.

எல்லாம் அவள் அண்ணன் தூங்கும் நேரத்தில். பக்கத்து அறையில் அவர் குறட்டை, இந்த அறையில் இவள் காதில் ஹெட்போன். ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் கம்பியை ஓங்கி அடித்தால் டக்டக்கென்று சுவர் தாண்டிக் கேட்கும். அதனால் தடவிக் கொடுக்கிற மாதிரிதான் வாசிப்பாள். ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். லாரியிலிருந்து இரும்பு இறக்குகிற சத்தம். ஆனால் ஒரு பிசிறு இல்லை. "எப்படி இருக்கு அண்ணி?" "இரும்பை நல்லா கழுவித் துடைச்சு இறக்கறாங்க" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் சிரிப்பதும் அப்படித்தான்.

ஒத்திகை அறைக்கு நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான். சுவரெல்லாம் பழைய கம்பளம், யார் யாருடைய வியர்வையோ நாறியது. இடி எங்களுக்கு முன்னாலேயே வந்து டிரம்ஸ் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. இவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இப்படி ஒல்லியாயிட்ட?" என்றாள் இடி.

"என் பங்கையும் நீயே தின்னா நான் என்ன பண்றது?"

அவ்வளவுதான் பேச்சு. கட்டிப்பிடிப்பார்கள் என்று பார்த்தேன், ஒயரை மாட்டினார்கள்.

பாட்டு தொடங்கியது. இடி என்று பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கிட்டார் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இடி நிறுத்தினாள்.

"சத்தத்தை ஏத்துடி."

ஏற்றினாள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நின்றது.

"சத்தம் இருக்கு, அடி எங்க? யாரையோ தூங்க வைக்கிற மாதிரி வாசிக்கிற. அடிச்சு வாசி! முன்னெல்லாம் எப்படி அடிப்ப நீ!"

என் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். தகர டப்பாவில் ஆணியைக் கொட்டின மாதிரி ஒரு சத்தம். இறங்கிக் கிடந்த கம்பிகள் ஃப்ரெட்டில் மோதித் துடித்து, அப்படியே செத்துப்போயின. இன்னொரு முறை அடித்தாள். அதே ஆணி.

கழுவித் துடைத்த அந்த இரும்பு என்ன ஆயிற்று என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்க் கிட்டாரையே பார்த்தாள்.

"வேற யார் கண்ணுக்கோ கண்ணாடி பண்ணிட்டேன்டி," என்றாள். "வீட்டுக்குச் சரியா செட் பண்ணியிருக்கேன். உனக்குப் பண்ணல."

அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இடி எழுந்து வந்து தரையில் சம்மணம் போட்டாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், போன் வெளிச்சத்தைப் பிரிட்ஜின் மேல் பிடித்தாள். "ஏத்து. நான் பிடிச்சுக்கிறேன்."

இவள் குட்டிச் சாவியால் ஒவ்வொரு கம்பியாக உயர்த்தினாள். உயர்த்தினால் சுருதி கலைகிறது, சுருதி சேர்த்தால் இன்னொன்று இழுக்கிறது. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் இருந்தன. வாடகைக்குப் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே கரைந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் பதற்றம், அவர்களுக்கு இல்லை. ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள், நான் காது கொடுக்கவில்லை. "வலிக்குமா?" என்று இடி கேட்டது மட்டும் விழுந்தது. "கொஞ்சம் வலிக்கும்" என்றாள் இவள்.

ஒரு தடவை வாசிக்கத்தான் நேரம் மிஞ்சியது. வாசித்தார்கள். நான் அவளைப் பகலில் பூனை மாதிரி நடக்கும் ஒருத்தியாகவே பார்த்துப் பழகியவள். அங்கே காலை அகட்டி நின்று, தோளிலிருந்து கையை இறக்கி அடித்தாளே, அவளை எனக்குத் தெரியாது. கம்பி ஒன்றும் சாகவில்லை. ஒவ்வோர் அடியும் இடியின் அடியோடு போய் இறங்கியது. முடிவே அமையாத இடம் வந்தது. இரண்டு பேரும் நிறுத்தவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கடைசியில் அறைக்காரர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அடுத்த கூட்டம் வெளியே காத்திருந்தது. பாட்டு இந்த முறையும் முடியவில்லை.

வாசலில் இடி, "அடுத்த தடவை வரப்போ" என்று ஆரம்பித்தாள். இவள் வேகமாகத் தலையாட்டினாள். அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாக இடி முன்பே சொல்லியிருந்தாள். இங்கே வருவதற்கு இனி அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

இப்போது விடுமுறை நாளில் அவள் ஓங்கி அடித்துத்தான் வாசிக்கிறாள். முதல் நாள் என் வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். "நான்தான் அண்ணா" என்றாள். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். மறுவாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். நான் குக்கருக்கு விசில் போட்டேன்.

விரல் நுனியெல்லாம் அவளுக்குக் காய்த்து வெடித்துவிட்டது. போன வாரம் களிம்பு தடவிவிடும்போது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"கச்சேரியா பண்ணப் போற? கம்பியைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக்கயேன், வலிக்காம வாசிக்கலாம்ல?"

விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "இறக்கிட்டா, அவ வரப்போ மறுபடி ஏத்தணும் அண்ணி. அதுலயே நேரம் போயிடும்."