அன்றைக்கு யாருடைய பாடு

அன்று காலை எழுந்ததும் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். மேகம் இல்லை. ராயபுரத்தில் மேகம் இல்லாததால் எண்ணூரிலும் இருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மனதுக்குள் இருந்த பட்டியலில் மழை என்ற வரியை அடித்துவிட்டேன்.

எனக்குள் எப்போதும் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். மணலியில் ஒரு ரசாயன ஆலையில் பொறியாளராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே ஒரு வால்வைத் திறப்பதற்கு முன், திறந்தால் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கை வைப்போம். ஆலையை விட்டு, மறுபடி படித்து, பல்கலைக்கழகத்தில் தொண்டு நிறுவன மேலாண்மையும் சமூகத் தொழில்முனைவும் கற்பிக்க வந்த பிறகும் அது போகவில்லை. அன்றைய பட்டியல் இப்படி இருந்தது: மழை. கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து விருந்தினர் வண்டி நடுவழியில் நிற்பது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றோடு குப்பத்துப் பக்கம் திரும்புவது. ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய மாணவி பாதியில் நின்றுவிடுவது. வருகிறவர்கள் கழிப்பறை கேட்பது.

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கழிப்பறைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

நான் ஒப்பந்த விரிவுரையாளர். ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்குள் ஒரு கடிதம் வரும். வந்தால் வேலை உண்டு. அந்த ஆண்டு எங்கள் துறைக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் கிடைத்திருந்தது. அதற்கு என் பெயரைத்தான் பரிந்துரைக்கப் போவதாகத் துறையின் மூத்த பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆனால் பாடம் நடத்துவது மட்டும் போதாது, களத்தில் ஒரு வேலை ஓடுவதைத் தேர்வுக் குழு பார்க்க வேண்டும். என் களம், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். அன்றுதான் பார்க்க வருகிறார்கள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்.

"இன்னைக்கித்தான் முடிவா?"

"இன்னைக்கி பாக்க வராங்கப்பா. முடிவு அப்புறம்."

"பாக்கறதுக்கு இன்னா கீது? கருவாடு காயறத காரு போட்டுகினு வந்து பாக்கணுமா?"

"காயணும்ல, அதத்தான் பாக்கணும்."

"வருசா வருசம் லெட்டருக்கு வாசல்ல நிக்கிற. துறைமுகத்துல லேபரு கூட இப்டி நிக்க மாட்டான். போ, போய்ட்டு வா. அந்தோணியாருக்கு உங்கம்மா சொல்லிட்டா."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் பட்டியலையே மறுபடி மறுபடி மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன்.

குப்பத்தில் நாங்கள் செய்திருந்தது பெரிய விஷயமல்ல. அங்கே பெண்கள் மணலில் மீனைக் காயப்போடுவார்கள். காற்று மாறினால் மீன்மேல் சாம்பல் படியும். கழுவினாலும் போகாத ஒரு நரநரப்பு. அந்தக் கருவாட்டைக் கடைக்காரர்கள் விலையைக் குறைத்துத்தான் வாங்குவார்கள். என் மாணவிகளும் நானும் சேர்ந்து இரும்புச் சட்டத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு கூடாரம் எழுப்பினோம். உள்ளே வலைத்தட்டுகள். வெயில் உள்ளே வரும், சாம்பல் வராது. நிதி ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து வந்தது. பெண்கள் அதைக் கண்ணாடி வூடு என்றார்கள்.

கூடாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டு மீனுக்குத்தான் இடம். யார் முதலில் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு என்று மாணவிகள் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். பெண்கள் அதைச் சிரித்தே ஒதுக்கினார்கள். கழிமுகத்தில் வலை கட்டும் இடங்களை அவர்கள் வீட்டு ஆண்கள் பாடு முறையில்தான் பிரித்துக்கொள்வார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை வைப்பார்கள்; இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உன்னுடையது, மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும். பெண்களும் கூடாரத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். சண்டையில்லாமல் ஓடியது. இதை நான் வகுப்பில் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

நான் போனபோது கூடாரம் காலியாக இருந்தது.

தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. என் மாணவி, மூலக்கொத்தளத்திலிருந்து வருகிற பெண், கூடாரத்துக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெண்கள் குழுவின் தலைவி. வாட்டசாட்டமான பெண்மணி, எதற்கும் கலங்காதவர். அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றேன். பதற்றத்தில் எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"இன்னைக்கி அவ பாடு மேடம்." கைகாட்டினார்.

கூடாரத்து வாசலிலேயே ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். குழுக் கூட்டங்களில் குறுக்குக் கேள்வி கேட்பவர்.

"அவ வூட்டுக்காரன் வலைல வெறும் சொறி. ஒத்த மீனு இல்ல," என்றார் தலைவி. சொறி என்றால் ஜெல்லி மீன். வலை நிறைய வரும், எதற்கும் உதவாது.

"மத்தவங்க கிட்ட?"

"கீதே. எங்கூட்டுல காரப்பொடி மீனு கூடை கூடையா கீது. பக்கத்து வூட்டுல நெத்திலி. எல்லாம் மணல்ல கெடக்கு."

மாணவி என் காதருகே வந்தாள். "மேம், ஒரு மணி நேரம் போதும். ரெண்டு கூடை எடுத்துப் பரப்பிடலாம். அவங்க பாத்துட்டுப் போனதும் எடுத்துடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

எனக்கும் அதேதான் தோன்றியது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, இன்னைக்கி ஒரு நாள் மட்டும்..."

"தெரியும்மா. அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. இவளும் கேட்டா." தலையைக் கூடத் திருப்பாமல் தலைவியைச் சொன்னார். "நான் தரலேன்னு சொல்லிட்டேன்."

"தரலைன்னா உனக்கு இன்னா வருது?" என்று தலைவி சத்தம் போட்டார். "காலியா வெச்சிகினு காவல் காக்கிறியா? பேஜாரு புடிச்சவ."

"காலியா இருந்தாலும் எம் பாடுதான்மே. உனக்கு இன்னா வலிக்குது? உன் காரப்பொடி காயலேன்னு வலிக்குதா, மேடம் மானம் போவுதுன்னு வலிக்குதா?"

"ரெண்டும்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. வண்டி திருவொற்றியூரைத் தாண்டிவிட்டதாகப் பேராசிரியரிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது.

அவர் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் மட்டும் பேசினார். குரல் தணிந்திருந்தது.

"எங்க மாமனாருக்கு ஆத்துல பாடு இருந்துச்சும்மா. ஒடம்பு முடியாம கெடந்தாரு. தம்பி மொறை ஒருத்தன் வந்து, இந்த ஒரு தபா நான் கட்டிக்கிறேன்னான். சரின்னு குடுத்தாரு. அடுத்த சீட்டுக்குப் போய் நின்னா, வலை கட்டினவன்தான் பாட்டுக்காரன்னு நாட்டாமைங்க சொல்லிட்டாங்க. இவரு பேரு போச்சு. அதான் எங்க வூட்டுக்காரு இப்ப கண்டவன் போட்டுல ஏறிகினு சொறி வாரிகினு வராரு. ஒரு நாள்தான்னு நீ சொல்ற. எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

"இங்க அப்படி யாரும் பேரை எடுக்க மாட்டாங்க. எழுதி வெச்சிருக்கோம்."

"நீ கீறவரைக்கும். நீ எத்தினி வருசம் கீறியோ, யாருக்குத் தெரியும்?"

அவருக்கு என் கடிதத்தைப் பற்றியோ பணியிடத்தைப் பற்றியோ தெரியாது. நான் குப்பத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்தேன். தலைவி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க போட்டுடறோம். அவ கத்துவா, கத்தட்டும். நீங்க சொன்னா யாரும் தட்ட மாட்டாங்க. கூடாரம் நீங்க வாங்கிக் குடுத்தது."

உண்மைதான். நான் சொன்னால் நடக்கும். அதுதான் பயமாக இருந்தது. ஆலையில் ஒரு வால்வு தவறாகத் திறந்தால் அபாயமணி அலறும், மீட்டர் முள் ஏறும், யாராவது ஓடி வருவார்கள். இங்கே எதுவும் அலறாது. ஒரு மணி நேரம் மீன் காயும், பிறகு எடுத்துவிடுவார்கள், எனக்கு வேலை நிரந்தரமாகும். அடுத்த முறை யாருக்காவது அவசரம் என்றால், அன்று மேடம் சொல்லிப் போட்டோமே என்பார்கள். அதற்கும் அடுத்த முறை மேடமே தேவைப்பட மாட்டாள்.

இதெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றியது என்று சொல்ல மாட்டேன். அப்போது தோன்றியது வண்டி எங்கே வந்துகொண்டிருக்கும் என்பதுதான்.

"வேண்டாம். காலியாவே இருக்கட்டும்," என்றேன்.

"மேம்!" என்றாள் மாணவி.

"போன வாரம் காஞ்ச கருவாட்டுப் பாக்கெட்டுங்களை எடுத்து வை. லேப்டாப்ல விற்பனை வரைபடங்கள் இருக்கு, அதைத் திற."

"அவங்க பாக்க வரது கூடாரத்தை, மேம்."

நானே போய்ப் பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

வண்டி வந்தது. தேர்வுக் குழுவின் சார்பில் மூத்த பேராசிரியரும், அவரோடு நிதி கொடுத்த நிறுவனத்தின் அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். மணலில் காலணி புதைவதைப் பொருட்படுத்தாமல் நேராகக் கூடாரத்துக்கு நடந்தார். உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு உற்பத்தி இல்லையா?"

நான் பாடு முறையைச் சொன்னேன். பலமுறை வகுப்பில் சொன்ன விஷயம் அன்று வாய்க்குள் குழறியது. நடுவில் தலைவி சேர்ந்துகொண்டார், பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்துகொண்டார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மணலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியையும் காலிக் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புரியுது. ஆனா அறிக்கைக்குப் படம் வேணும். ஒரு படத்துக்கு மட்டும் கொஞ்சம் மீன் உள்ள வைக்கலாமே?"

எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"மீனு வேணான்னு சொல்லலியே சார். எங்கூட்டு மீனு வேணும். அடுத்த தபா எம் பாட்டுக்கு வா, கெடைச்சா வெக்கிறேன். இன்னைக்கி வேணும்னா என்னைப் படம் புடிச்சிக்கோ."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். காலிக் கூடாரத்தைத்தான் படம் எடுத்தார். கவிழ்த்து வைத்த தட்டுகளைக் கிட்டத்தில் ஒன்று. கழிப்பறை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் தலைவி எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். "ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?" என்றார். ஒன்றும் ஆகாது என்றேன்.

சில நாள் கழித்துப் பேராசிரியர் அறைக்கு அழைத்தார். அதிகாரியின் அறிக்கையில் கூடாரம் முழுத் திறனில் பயன்படவில்லை என்று எழுதியிருந்தது. மீன் இருப்பவர்களுக்கே கூடாரம் என்று மாற்ற வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் இருந்தது.

"அந்த முறையை நீக்கிடுவோம்னு ஒரு வரி எழுதிக் கொடும்மா. தேர்வுக் குழுவுக்கு நான் சொல்லிக்கறேன். அங்க உண்மையில நீக்கறியா இல்லையான்னு யாரு போய்ப் பாக்கப்போறா?"

எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். இரண்டு இரவு அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து அழித்தேன். கடைசியில், கூடாரத்தின் முறை பெண்கள் குழுவுடையது, அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மின்னஞ்சலைத் திறப்பதையே தள்ளிப்போட்டேன். வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் நடுவில் மறந்துபோனது. அம்மா அந்தோணியார் கோவிலுக்குப் போவதை அதிகமாக்கினார்.

கடிதம் வந்தது. நிரந்தரமில்லை, இன்னும் ஓராண்டு ஒப்பந்தம். பணியிடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது, களப்பணியை மறுபடி பார்த்த பிறகு முடிவு செய்யப்படும் என்றிருந்தது. அப்பா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார்.

"வேல போவலல்ல?"

"போகலப்பா."

"அப்ப சரி." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். அப்புறம், "தள்ளி வெச்சா பொறுத்துக்கணும். புடுங்கிகினு போனாத்தான் கஷ்டம்," என்றார். துறைமுகத்தில் பதவி உயர்வு வாங்க அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அவர் எப்போதும் சொன்னதில்லை.

மறுபார்வை நாள் இப்போது முடிவாகிவிட்டது. தலைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். இந்த முறை, என் நிரந்தர வேலை இதில்தான் மாட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"இத அப்பவே சொல்லியிருந்தா அவள நான் தூக்கிப் போட்டிருப்பனே மேடம்."

"அதனாலதான் சொல்லல."

"சரி வுடுங்க. அந்த நாளு யாரு பாடுன்னு சீட்டுல பாத்து சொல்லட்டா? மீனு நல்லா படறவளா இருந்தா நிம்மதியா இருப்பீங்க. இல்லாட்டி அடுத்த குலுக்கல்ல கொஞ்சம் முன்ன பின்ன..."

"வேண்டாம். பாக்காதீங்க. எனக்குச் சொல்லாதீங்க."

"இன்னா மேடம் நீங்க," என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு, அந்த நாள் யாருடைய பாடு என்று கேட்டுவிடலாம் என்று பலமுறை அவர் எண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.