ஆம்புலன்ஸ்காரர் படத்தில் இருபத்து மூன்று குறைகள்

என் மனைவியின் கடைசித் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாய் ஓயாதவன். இளையவள்தான் நான் சொல்ல வந்த பெண். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி. அவசரத்துக்கு பூதம்.

அண்ணன்காரன் வைத்த பெயர்தான், ஆனால் பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறான். அவளுக்குக் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் பாட்டில்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரும். பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை. இவள் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். குமிழ், கீறல், கோணல் கழுத்து எது இருந்தாலும் சட்டென்று பிடித்துப் பக்கத்து ஓட்டையில் போட வேண்டும். அது உடைந்து மறுபடி உலைக்குப் போய்விடும். இருபது நிமிஷம் பார்த்தால் பத்து நிமிஷம் ஓய்வு, இல்லாவிட்டால் கண் பூத்துவிடும். அங்கே நல்ல பாட்டிலை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது தன்பாட்டுக்குப் போய்விடும்.

அப்படிப் பழகிய கண், சும்மா இருக்குமா? என் சின்ன மகள் கல்யாண ஆல்பத்தைப் போட்டோக்காரர் கொண்டுவந்த அன்று இவளும் எங்கள் வீட்டில் இருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் அழகு என்று எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது இவள் சொல்கிறாள்:

"பெரியப்பா, மாப்பிள்ளை காதுலேர்ந்து ஒரு கரண்டி முளைச்சிருக்கு."

பார்த்தால் ஆமாம். பின்னால் பரிமாறுகிறவர் தூக்கிய கரண்டி. அதோடு விட்டாளா? பக்கம் பக்கமாக முப்பத்தேழு சொன்னாள். போட்டோக்காரர் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார். சண்டைக்கு வரப்போகிறார் என்று நான் எழுந்தே விட்டேன். அவரோ, "அம்மா தாயே, உன்னை மாதிரி ஆளைத்தான் எங்க குரூப்புல தேடிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி, அங்கேயே அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அது படம் எடுப்பதில் ஆசை உள்ளவர்களின் குழு. ரொட்டி சுடுகிறவர், நர்ஸ், வக்கீல் என்று இருநூறு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். இவள் சேர்ந்த வாரமே அவர் பேசி அனுப்பினார்: "எந்தப் படம் போட்டாலும் சூப்பர்னு கட்டை விரலைக் காட்டிட்டுப் போறீங்க. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? யாராவது ஒருத்தர் உட்கார்ந்து பார்த்து விவரமா எழுதிக் குடுப்பீங்களா? சம்பளம் கிடையாது. திட்டு நிச்சயம் கிடைக்கும்."

அவர் பேச்சைக் கேட்டு முடிக்கும் முன்பே 'நான் எழுதறேன்' என்று அனுப்பிவிட்டாள்.

"ஃபேக்டரியிலயாவது சம்பளம் வாங்கிட்டுக் குறை சொல்றே. இங்க இனாமாவா?" என்றான் அண்ணன்.

"உன்னைச் சொல்றேனே, அதுக்கு யார் சம்பளம் தராங்க?" என்றாள்.

வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, ஜன்னலோரம் தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். அதையும் தலைகீழாக வைப்பாள். ஏனடி என்று ஒருநாள் கேட்டேன். "நேரா பார்த்தா ஆளைப் பார்த்துடுவேன் பெரியப்பா. தலைகீழா வெச்சா ஆள் மறைஞ்சுடும். கோடும் வெளிச்சமும்தான் தெரியும். குறை தானா எந்திரிச்சு நிக்கும்" என்றாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ரொட்டிக்காரருக்கு அவள் எழுதியதை நானே படித்தேன். 'ரொட்டி நல்லா வெந்திருக்கு, படம்தான் வேகல. அடுப்பு வெளிச்சம் வலப்பக்கம் இருக்கு. நாலடி தள்ளி நின்னு எடுங்க.' அந்த மனிதர் நாலடி தள்ளி நின்றார். அடுத்த படத்தில் ரொட்டியின் ஒவ்வொரு வெடிப்பும் எழுந்து வந்தது. இவள் எனக்குப் போன் போட்டு, "பெரியப்பா, தள்ளி நின்னுட்டாரு! நாலடி!" என்று கத்தினாள். யார், எங்கே, எதற்கு என்று ஒன்றும் விளங்காமலே நானும் "சபாஷ்" என்று கத்தினேன்.

திட்டும் கிடைத்தது. "என் பேரன்கிட்ட ஒன்பது குறையா?" என்று வக்கீல் கொதித்தார். "பேரன்கிட்ட ஒண்ணுமில்ல சார், பேரன் தலைமேல உட்கார்ந்திருக்கற குப்பைத் தொட்டிகிட்டதான் ஒன்பதும்" என்று பதில் போனது. நாலாம் நாள் அவரே இன்னொரு படம் அனுப்பினார். இப்படி ஒரு வருஷம். வாரத்துக்குப் பத்துப் படம்.

அந்தக் குழுவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நேரில் பார்த்ததில்லை, இவளுக்கு அவர் 'ஆம்புலன்ஸ் அண்ணன்', அவருக்கு இவள் 'தங்கச்சி'. பொது நூலகத்தில் வருஷா வருஷம் முப்பது படம் தேர்ந்தெடுத்து மாடி மண்டபத்தில் ஒரு மாதம் மாட்டி வைப்பார்கள். ஆளுக்கு ஒரே படம். பெரிதாக அச்செடுத்துக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் மூன்று வருஷம் கொடுத்து மூன்று வருஷமும் திரும்பி வந்தது. "இதுதான் கடைசி தங்கச்சி. இதுவும் போச்சுன்னா கேமராவை மச்சான் கையில குடுத்துட்டு வேலையைப் பார்க்கறேன்" என்று எழுதி, ஒரு படத்தை அனுப்பினார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. வந்தது வியாழக்கிழமை.

இவள் வழக்கம்போலத் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். கட்டடம் சாய்ந்திருக்கிறது. ஒரு கம்பம் ஆள் தலையில் முளைத்திருக்கிறது. யாரோ ஒருத்தர் முழங்கை இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. செருப்பு பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. எண்ணி எண்ணி இருபத்து மூன்று எழுதி அனுப்பினாள். 'நன்றி தங்கச்சி, எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கொழுந்தியாள் மகளின் போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த ஆம்புலன்ஸ்காரர் படத்தைப் பார்த்தாள். நேராகப் பிடித்துத்தான் பார்த்தாள். பார்த்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடி, இவளைப் பாரேன். வாயில பேப்பரைக் கவ்விட்டு நிக்கறா!"

"எந்தப் பேப்பர்?" என்றாள் பூதம்.

இருபத்து மூன்று குறை கண்டவள் கேட்கிறாள், எந்தப் பேப்பர் என்று! போனைப் பிடுங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் படி. வீட்டுக்குக் கிளம்பும் ஒரு ஆள் நிற்கிறான், கையில் ஆஸ்பத்திரிப் பட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவன் மனைவி குனிந்து அவன் செருப்பு வாரை மாட்டிவிடுகிறாள். இரண்டு கையும் செருப்பில், அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு அவள் பல்லில். அவனோ விழாமலிருக்க அவள் உச்சந்தலையைச் சுவரைப் பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்திருக்கிறான். அவள் கொண்டை நசுங்கியிருக்கிறது. அதை அவள் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் சிணுங்கியது. ஆம்புலன்ஸ்காரர் சரி செய்த படத்தை அனுப்பியிருந்தார். 'இருபத்து மூணும் போச்சு. அச்செடுத்தாச்சு. லைப்ரரிக்குக் கிளம்பறேன்.' கட்டடம் நிமிர்ந்திருந்தது. கம்பம் இல்லை, முழங்கை இல்லை. நிமிர்த்தியதில் ஓரம் வெட்டுப்பட்டு, அந்த ஆளில் பாதி இல்லை, அவள் தலையைப் பிடித்த கையும் இல்லை. பேப்பரில் பாதி இல்லை. யாரோ ஒரு பெண் எதையோ குனிந்து தேடுவதுபோல் ஒரு சுத்தமான படம்.

"ஐயோ, நல்ல பாட்டிலை உடைச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள்.

போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். "பெரியப்பா, வாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டைப் பித்தான்களைப் போட்டது பாதி போடாதது பாதியாக ஓடினேன். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் குந்திக் குந்திப் போனது. இவள் போனில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"என்னடி எழுதறே?"

"அந்தப் படம் ஏன் நல்லா இருக்குன்னு எழுதறேன். வரவே மாட்டேங்குது. குறைன்னா கை தானா எழுதுது. நல்லதைச் சொல்றது இவ்வளவு கஷ்டமா பெரியப்பா?"

நூலகத்துக்குள் நுழையும்போது நாலு முப்பது. கீழ்த்தளத்தில் நீளமான வரிசை, ஆளுக்கொரு பெரிய உறை. யார் அவர் என்று எப்படித் தெரியும்? இவள் நடுக்கூடத்தில் நின்று, "ஆம்புலன்ஸ் அண்ணே! ஆம்புலன்ஸ்!" என்று தொண்டை கிழியக் கூவினாள். அவ்வளவுதான், கூடமே கலைந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஒருத்தர் ஓடிவந்தார். கவுன்ட்டர் அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிட்டார். ஒரு புண்ணியவான் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்து விசிற ஆரம்பித்தார்.

வரிசையிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பாய்ந்து வந்தார். "பேஷன்ட் எங்கே?"

"பேஷன்ட் உங்க கையில இருக்கு அண்ணே. அந்த உறைக்குள்ள."

அவர் முழித்தார். யாரென்று புரிந்ததும் முகம் மலர்ந்தது. விஷயம் புரிந்ததும் வாடியது.

"தங்கச்சி, இருபத்து மூணும் சொன்னது நீங்கதானே?"

"நான்தான். தப்பாப் பார்த்துட்டேன். பழசையே குடுங்க."

"சாஞ்சிருக்குன்னீங்க."

"சாஞ்சாத்தான் அந்தக் கை உள்ள வரும். அவர் எழுந்து நிக்கறதே அந்தம்மா தலையைப் பிடிச்சுத்தான். அந்தம்மாவுக்கு அது பாரமாவே இல்ல. பல்லுல சீட்டு, தலையில புருஷன், கையில செருப்பு. மூணையும் ஒரே நேரத்துல பார்த்துக்கறாங்க. அண்ணே, நான் குறை எழுதினேன், அவங்களைப் பார்க்கவே இல்ல. எங்கம்மா ஒரே பார்வையில பார்த்துட்டாங்க." பஸ்ஸில் வராதது அத்தனையும் மூச்சு விடாமல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் உறையைப் பார்த்தார். "அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததே நான்தான்" என்றார் மெதுவாக. "பிழைக்கமாட்டார்னு நினைச்சேன். மூணு வாரம் கழிச்சு வாசல்ல நிக்கறாரு. வண்டி ஜன்னல்லேர்ந்து எக்கி எடுத்தேன், அதான் சாஞ்சுது. அப்புறம் இறங்கிப் போய் அவங்ககிட்டக் கேட்டேன், தாராளமா வெச்சுக்கன்னாங்க. கையை வெட்டும்போது எனக்கும் மனசு என்னவோ பண்ணுச்சு. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அண்ணே!"

நாலு நாற்பது. எதிர்த் தெருவில் அச்செடுக்கும் கடை. "ஓடுங்க. உங்க இடத்துல நான் நிக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் பறந்தார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து, படமே இல்லாத நான் கவுன்ட்டருக்கு வந்து நின்றேன்.

"உங்க படம்?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா."

"எப்போ எடுத்தது?"

"இப்பத்தான் வெளியில வருது."

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் ஒருத்தர், "பெரியவருக்கு இன்னும் மயக்கம் தெளியல போல" என்றார். நாலு ஐம்பத்தெட்டுக்கு இருவரும் வந்து விழுந்தார்கள், படத்தில் மை கூடச் சரியாகக் காயவில்லை. கவுன்ட்டர் அம்மாள் அதைத் தூக்கிப் பிடித்தார். "சாஞ்சிருக்கே?"

ஆம்புலன்ஸ்காரர் ஒரு நொடி யோசித்தார். கையில் நேரான படமும் இருந்தது. அதை இரண்டாக மடித்து அக்குளில் செருகிக்கொண்டு, "சாஞ்சுதான் இருக்கும்மா" என்றார். முத்திரை விழுந்தது.

மூன்றாம் வாரம் நூலகப் பலகையில் முப்பது பேர் பட்டியல் ஒட்டினார்கள். இவள் பெல்ட்டில் இருந்தாள். பத்து நிமிஷ ஓய்வில் போனைப் பார்த்தால் பதினாலு தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே நம்பர். திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஏறிட்டோம் தங்கச்சி! சுவத்துல ஏறிட்டோம்!" இவள் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் பெல்ட்டையே நிறுத்திவிட்டாராம்.

திறப்பு நாளில் குடும்பத்தோடு போனோம். அண்ணன்காரன்கூட அந்தப் படத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றான். அதையே நான் பெரிய பரிசாக எடுத்துக்கொண்டேன். இவளைச் சுற்றி ஆறேழு பேர், ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு. முதலில் நின்றவர் வக்கீல். இவள் அவர் போனை வாங்கினாள், நேராகவே பிடித்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வக்கீலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எத்தனைம்மா? பத்தா, பதினைஞ்சா? எதுவானாலும் பட்டுன்னு சொல்லிடு."

"இருங்க சார்" என்றாள் பூதம், கண்ணை எடுக்காமல். "இன்னும் உங்க பேரனையே பார்த்து முடிக்கல."